சுட்டுவிரலுக்கு 14 விழுக்காடு

கட்டைவிரல் முழுதும் போனால் 30. சுட்டுவிரல் போனால் 14. நடுவிரலுக்கு 12. மோதிரவிரலோ சுண்டுவிரலோ என்றால் 7. ஒரே கையின் நான்கு விரல்களும் போனால் 50, கையே போனால் 60. ஒரு கண் போய் மற்றது நன்றாக இருந்தால் 40. இரண்டு கையும் போனால் 100. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை உடலை இப்படித்தான் பகுத்து வைத்தது. காயம்பட்டவரின் சம்பாதிக்கும் திறன் எத்தனை விழுக்காடு குறைந்தது என்பதை ஒவ்வோர் எண்ணும் சொல்கிறது. அம்பத்தூரிலோ ஓசூரிலோ கோவையிலோ பவர் பிரஸ்ஸில் விரலைக் கொடுத்தவரின் வழக்கு இழப்பீட்டு ஆணையர் முன் போனால், கடைசியில் இந்த எண்களில் ஒன்றில்தான் போய் நிற்கும்.

மனித உடலுக்கு விலைப்பட்டியலா என்று முதன்முறை படிப்பவர் முகம் சுளிப்பது இயல்பு. எனக்கு அந்தக் கோபம் வருவதில்லை. அட்டவணை வரை வந்து சேர்ந்தவர் பாதி வென்றவர். வந்து சேராதவர்கள் எங்கே தங்கிப்போகிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

அதற்குக் கொஞ்சம் பழைய கதை வேண்டும். 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வேலையில் அடிபட்டவர் நட்டஈடு கேட்டால், முதலாளியின் கவனக்குறைவை அவரேதான் நிரூபிக்க வேண்டும். நிரூபித்த பிறகும் முதலாளியிடம் மூன்று கேடயங்கள் இருந்தன. ஆபத்து தெரிந்துதானே வேலைக்கு வந்தாய் என்பது ஒன்று. உன் கவனக்குறைவும் சேர்ந்திருக்கிறதே என்பது இன்னொன்று. தவறு செய்தது உன்னோடு வேலை பார்த்தவன், அதற்கு நான் எப்படிப் பொறுப்பு என்பது மூன்றாவது. அளவுக்கு மேல் சரக்கேற்றிய வண்டி உடைந்து தொடை எலும்பு முறிந்த ஒரு கசாப்புக்கடைப் பணியாளின் வழக்கில், 1837-இல் வந்த தீர்ப்பைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தது இந்த மூன்றாவது கேடயம். ஆயிரம் பேர் வேலை பார்க்கும் ஆலையில் யாரோ ஒரு சக தொழிலாளியின் கை எல்லா விபத்திலும் இருக்கத்தான் செய்யும். ஆகவே யாருக்கும் எதுவும் கிடைக்காது.

இதை முதலில் உடைத்தது ஜெர்மனி, 1884-இல். பிஸ்மார்க்குக்குத் தொழிலாளர் மேல் இருந்த பாசத்தைவிட சோஷலிஸ்டுகள் மேல் இருந்த பயம் பெரிது. என்றாலும் சட்டம் சட்டம்தான். பிரிட்டன் 1897-இல் பின்தொடர்ந்தது. இந்தியாவில் 1923-இல் நிறைவேறிய சட்டம் 1924 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. மூன்றுக்கும் உயிர்நாடி ஒன்றே: யார் தவறு என்று கேட்காதே. வேலையின் காரணமாக, வேலையின்போது விபத்து நடந்ததா? ஆம் என்றால் முதலாளி தர வேண்டும். தொழிலாளி குடித்திருந்தார், பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறினார், இயந்திரத்தின் காப்பைத் தானே கழற்றினார் என்று சில விலக்குகள் உண்டு. சாவிலும் நிரந்தர முழு ஊனத்திலும் அந்த விலக்குகள்கூடச் செல்லாது.

பதிலுக்குத் தொழிலாளி ஒன்றை விட்டுக்கொடுத்தார். பட்ட நட்டம் முழுவதும் அவருக்குக் கிடைக்காது. வாய்பாட்டின்படி வரும் தொகைதான். வலிக்கும் இராத்தூக்கம் போனதற்கும் அதில் இடமில்லை. முழு நட்டத்தையும் கேட்க விரும்புபவர் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போய் முதலாளியின் தவறை நிரூபித்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டு வாசலிலும் நிற்க முடியாது.

தவறைக் கேட்காத சட்டம் எவ்வளவு பெரிய விஷயம் என்பது நாமக்கல் லாரிக்காரர்களுக்குத் தெரியும். இரவு முழுக்க ஓட்டி விடியற்காலையில் கண் அயர்ந்து புளியமரத்தில் மோதிய ஓட்டுநர், மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போனால், மோதியது நீதானே என்பார்கள். எதிரே வேறு வண்டி இல்லை; குற்றம் சாட்ட ஆளில்லை. அதே ஓட்டுநர் இழப்பீட்டு ஆணையரிடம் போனால் அந்தக் கேள்வியே எழாது. லாரியின் காப்பீட்டில் ஓட்டுநரும் கிளீனரும் கட்டாயம் அடங்குவதால் காப்பீட்டு நிறுவனமும் பொறுப்பேற்க வேண்டும். இரண்டு வழியும் திறந்திருக்கும் வழக்கில் எதில் போவது என்பது வக்கீலின் கணக்கு: தீர்ப்பாயத்தில் ஊதிய உச்சவரம்பு இல்லை, ஆணையரிடம் தவறு பற்றிய விசாரணை இல்லை. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 167-ஆம் பிரிவு சொல்கிறது.

இவ்வளவு நல்ல சட்டம் ஏன் பாதிப் பேருக்குப் பலிப்பதில்லை? யார் தவறு என்ற கேள்வியை எடுத்துவிட்ட இடத்தில் வேறொரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது: நீ யார்? யாரிடம் வேலை பார்த்தாய்? என்ன சம்பளம்? 1920-களின் பஞ்சாலைக்காரருக்கும் ரயில்வேக்காரருக்கும் இது கேள்வியே இல்லை. பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கும். காலையில் சந்திப்பில் நின்று, மேஸ்திரி கைகாட்டிய வேனில் ஏறி, மாலையில் கூலியைக் கையில் வாங்கும் சித்தாளுக்கு இதுதான் ஆகப்பெரிய கேள்வி. அவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. சைட்டின் பெயரை அவரால் சொல்ல முடியும். கம்பெனியின் பெயரை முடியாது.

2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். ஆந்திரம், ஒடிசா, தமிழ்நாடு என்று பல ஊர்க்காரர்கள். மீட்புப் பணி நாள்கணக்கில் நீண்டபோதும் உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள் என்பதற்கு உறுதியான கணக்கு இல்லை. ஊரறிந்த பெருவிபத்துக்கே இந்த நிலை என்றால், சாரத்திலிருந்து தனியாக விழும் ஒருவருக்கு யார் ஏடு வைத்திருப்பார்கள்?

இந்த வழக்குகளில் பெரும்பாலானவை ஆணையர் அலுவலகத்தில் தோற்பதில்லை என்பது என் கணிப்பு. அவை தோற்பது அடிபட்ட அன்று, மருத்துவமனையின் அவசரப் பிரிவில். அங்கே ஏ.ஆர். என்று ஒரு பதிவேடு இருக்கிறது, விபத்துப் பதிவேடு. எப்போது, எங்கே, எப்படி அடிபட்டது என்று பணி மருத்துவர் கேட்டு எழுதுவார். காயம்பட்டவர் மயக்கத்தில் இருப்பார், அல்லது வலியில். பதில் சொல்பவர் கூட வந்த சூப்பர்வைசர். ‘வீட்டு மாடிப்படியில் வழுக்கி விழுந்தார்’ என்று ஒரே வரி. அந்த வரி பிறகு காயச் சான்றிதழில் ஏறும், டிஸ்சார்ஜ் சம்மரியில் ஏறும். இரண்டு ஆண்டுகள் கழித்து எதிர்த்தரப்பு வக்கீல் அதை எடுத்து மேசைமேல் வைப்பார். மருத்துவர் பொய் எழுதவில்லை; சொன்னதைத்தான் எழுதினார்.

கூடவே ஆஸ்பத்திரி வராந்தாவில் இன்னொரு பேச்சு நடக்கும். ‘செலவு முழுக்க நான் பாத்துக்கறேன்ப்பா, கேஸு கீஸுன்னு போயிடாத. நாளைக்கு நீயும் என்கிட்டதான் வேலைக்கு வரணும்.’ இதைச் சொல்லும் மேஸ்திரி எப்போதும் வில்லன் அல்ல. பல நேரம் அவரும் அதே ஊர்க்காரர், அடிபட்டவருக்கு மாமன் முறை, தன் பைக்கை அடகு வைத்துக்கூட முதல் வாரச் செலவைப் பார்த்திருப்பார். சட்டம் இந்த வராந்தாப் பேச்சை முன்கூட்டியே எதிர்பார்த்திருந்தது. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதிக் கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்கிறது 17-ஆம் பிரிவு. ஒரு தொகைக்கு ஒத்துக்கொண்டால் அந்த உடன்பாட்டை ஆணையரிடம் பதிய வேண்டும். தொகை போதாது என்றோ ஏமாற்றி வாங்கப்பட்டது என்றோ தெரிந்தால் அவர் பதிய மறுக்கலாம். வெற்றுத் தாளில் கைநாட்டு வாங்கிவிட்டார்களே, இனி என்ன செய்வது என்று உட்கார்ந்துவிடுபவர்களுக்கு இது தெரிவதில்லை. அந்தத் தாளால் உரிமை போய்விடாது.

கோரிக்கை தர இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையர் அதையும் பொறுத்துக்கொள்ளலாம். விபத்து நடந்த ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்பதும் இல்லை. காயம்பட்டவரோ இறந்தவரின் குடும்பமோ வசிக்கும் ஊரிலும் போடலாம். திருப்பூரில் கை போன ஒடிசாக்காரர் தன் மாவட்டத்திலிருந்தே கேட்கலாம். வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை; பதிவுபெற்ற தொழிற்சங்கத்தின் நிர்வாகி அவருக்காக முன்னிலையாகலாம். ‘டபிள்யூ.சி. கேஸ்’ என்று வக்கீல்கள் சொல்லும் இந்த வழக்குகளில் தொகையில் ஒரு பங்கு கட்டணமாகப் போய்விடுகிறது என்ற புலம்பல் பழையது. அந்தப் பங்கைக் காப்பாற்றும் வழி சட்டத்திலேயே இருந்தும், முறைசாரா வேலைகளில் சங்கம் வலுவாக உள்ள ஊர்களில்தான் அது பயன்படுகிறது.

வாசல்களைக் கடந்து அட்டவணைக்கு வந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். கணக்கு இப்படிப் போகும். நிரந்தர முழு ஊனம் என்றால் மாத ஊதியத்தில் 60 விழுக்காடு, சாவு என்றால் 50. அதை வயதுக்கேற்ற ஒரு காரணியால் பெருக்க வேண்டும். 16 வயது வரை காரணி 228.54. 30 வயதில் 207.98, 40-இல் 184.17, 50-இல் 153.09. 65-உம் அதற்கு மேலும் 99.37. 30 வயதுக்காரர், கணக்கில் எடுக்கும் ஊதியம் 15,000 ரூபாய் என்றால், முழு ஊனத்துக்கு 9,000 பெருக்கல் 207.98, அதாவது 18,71,820 ரூபாய். சுட்டுவிரல் மட்டும் போயிருந்தால் அதில் 14 விழுக்காடு, சுமார் 2,62,000. இறந்திருந்தால் 15,59,850. செத்தவரைவிட, உயிரோடு முடங்கியவருக்குத் தொகை கூடுதல். இதில் நியாயம் இருக்கிறது: முடங்கியவரும் சாப்பிட வேண்டும், அவரைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் வேலையை விட வேண்டும்.

கவனிக்க வேண்டியது அந்த 15,000. அது அவர் வாங்கிய சம்பளம் அல்ல, சட்டம் கணக்கில் எடுக்கும் உச்சவரம்பு. கொத்தனாரின் நாள்கூலி ஆயிரம் ரூபாயைத் தொட்டுவிட்ட ஊரில், மாதம் 26 நாள் வேலை பார்ப்பவர் 26,000 சம்பாதிக்கிறார். சட்டம் அவரை 15,000 ரூபாய்க்காரராகத்தான் பார்க்கும். இந்த வரம்பு 2000-த்தின் திருத்தத்தில் 4,000 ஆக இருந்தது. 2010 மே 31-இல் 8,000 ஆனது. பிறகு ஏறத்தாழ பத்தாண்டுகள் அசையவே இல்லை. 2020 ஜனவரி 3-இல் 15,000 ஆனது. 15,000-க்கு மேல் சம்பாதித்த 30 வயதுக்காரர் 2020 ஜனவரி 2 அன்று இறந்திருந்தால் குடும்பத்துக்கு 8,31,920 ரூபாய். மறுநாள் இறந்திருந்தால் 15,59,850. ஏழேகால் லட்சத்துக்கு மேல் வித்தியாசம், ஓர் இரவில். விபத்து நடந்த நாளின் சட்டமே பொருந்தும், பிந்தைய உயர்வு முந்தைய விபத்துக்குப் பொருந்தாது என்று 2020 பிப்ரவரியில் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டப்படி அது சரி. விலைவாசியோடு சேர்ந்து தானாக ஏறும்படி வரம்பை அமைப்பதில் என்ன தடை என்பதுதான் எனக்கு விளங்காதது. அரசு ஊழியரின் பஞ்சப்படி ஆறு மாதத்துக்கு ஒருமுறை நகர்கிறது. அறுந்த கையின் மதிப்பு பத்தாண்டுக்கு ஒருமுறை.

ஊதியச் சீட்டே இல்லாதவருக்கு இந்தக் கவலைகூட இல்லை. அவர் சொல்லும் கூலியை முதலாளி மறுப்பார். கடைசியில் குறைந்தபட்ச ஊதிய அறிவிப்பில் உள்ள தொகையை ஆணையர் எடுத்துக்கொள்வார்.

விழுக்காட்டிலும் சண்டை உண்டு. அட்டவணையில் இருக்கும் காயத்துக்கு எண் தயாராக இருக்கிறது. இல்லாத காயத்துக்கு, உதாரணமாக முதுகெலும்பில் பட்ட அடிக்கு, மருத்துவர்தான் மதிப்பிட வேண்டும். மருத்துவர் உடலைப் பார்த்து 40 விழுக்காடு என்பார். ஆனால் சட்டம் கேட்பது உடலின் ஊனத்தை அல்ல, சம்பாதிக்கும் திறனின் இழப்பை. இதைத் தெளிவாக்கியது ஒடிசாவிலிருந்து போன ஒரு தச்சரின் வழக்கு. 1968-இல் ஒரு திரையரங்கில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்தபோது விழுந்து, இடது கையை முழங்கைக்கு மேலே இழந்தவர் அவர். அட்டவணைப்படி அது பகுதி ஊனம்தானே என்று முதலாளி வாதிட்டார். ஒற்றைக் கையால் தச்சுவேலை செய்ய முடியாது, ஆகவே இது 100 விழுக்காடு என்ற ஆணையரின் முடிவை 1975-இல் உச்ச நீதிமன்றத்தின் நான்கு நீதிபதிகள் ஏற்றார்கள். வலது கையால் சுத்தியலை ஓங்கலாம். ஆணியைப் பிடிப்பது யார்?

அந்தத் தீர்ப்பில் இன்னொரு வரியும் இருக்கிறது. பணத்தளவில் அதன் விளைவு இன்னும் பெரிது. இழப்பீடு விபத்து நடந்த நாளிலேயே கடனாகிவிடுகிறது, ஆணையர் உத்தரவிடும் நாளில் அல்ல என்றது அது. ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி. நியாயமான காரணமின்றி இழுத்தடித்தால் தொகையில் பாதி வரை தண்டத்தொகை. எட்டு ஆண்டுகள் இழுத்த வழக்கில் வட்டி மட்டும் அசலைத் தொட்டுவிடும் என்பதால், வட்டி எந்த நாளிலிருந்து என்று காப்பீட்டு நிறுவனங்கள் விடாமல் சண்டை போட்டன. 2007-இல் இருவர் அமர்வு ஒன்று உத்தரவு நாளிலிருந்துதான் என்று சொல்லிவிட, கொஞ்ச காலம் குழப்பம். 1975-இன் பெரிய அமர்வே கட்டுப்படுத்தும் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் மறுபடி தெளிவாக்கியது. வட்டியைக் காப்பீட்டு நிறுவனம் கட்ட வேண்டும், தண்டத்தொகையை முதலாளி தன் பையிலிருந்து கட்ட வேண்டும் என்பது 1997-இலிருந்து நிலைத்துவிட்ட விதி. மேல்முறையீட்டுக்குப் போகும் முதலாளி முழுத் தொகையையும் முதலில் கட்டிவிட்டுத்தான் உயர் நீதிமன்றப் படியேற முடியும். இந்த விதிகளை எழுதியவர்கள் முதலாளிகளை நன்றாகவே அறிந்திருந்தார்கள்.

வேலைக்குப் போகும் வழியில் அடிபட்டால்? இந்த ஒரு கேள்வி எழுபது ஆண்டுகளாக நீதிமன்றங்களை அலைக்கழித்திருக்கிறது. சௌராஷ்டிர உப்பளத் தொழிலாளர்கள் வேலை முடிந்து திரும்பும்போது படகு கவிழ்ந்து இறந்தார்கள். பொதுமக்கள் எல்லாரும் போகும் படகுதானே, வேலைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றது 1958-இன் தீர்ப்பு. வேலை முடிந்து அதே நிறுவனத்தின் பேருந்தில் வீடு திரும்பிய பம்பாய் மாநகரப் பேருந்து ஓட்டுநரின் வழக்கில் 1963-இல் மனம் இளகியது. ஆலைக்கு ஒரு கிலோமீட்டர் தள்ளி சைக்கிளில் வந்தவர்மேல் லாரி மோதிய ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) வழக்கில் 1996-இல் மறுபடி இறுகியது. அந்த இறுக்கத்தைத் தளர்த்த நாடாளுமன்றம் 2010-இல் ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் புதுப் பிரிவு சேர்த்தது. ஆனால் 1923-இன் சட்டத்தில் சேர்க்கவில்லை. இந்த இடைவெளியை 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அடைத்தது. மராட்டியத்தில் சர்க்கரை ஆலைக் காவலாளி ஒருவர், அதிகாலை 3 மணிப் பணிக்காகக் கிளம்பிப் போகும் வழியில், ஆலைக்கு 5 கிலோமீட்டர் முன்னால் இறந்தார்; அது 2003-இல். வேலைக்கும் பயணத்துக்கும் உள்ள தொடர்பு நிரூபிக்கப்பட்டால் இரண்டு சட்டத்தின் கீழும் அது பணிவிபத்துதான் என்று தீர்ப்பு சொல்கிறது. குடும்பத்துக்கு ஆணையர் தந்திருந்த தொகை 3,26,140 ரூபாய். அதை உறுதிசெய்ய இருபத்திரண்டு ஆண்டுகள் ஆயின.

ஈ.எஸ்.ஐ. பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ்நாட்டின் ஆலைத் தொழிலாளர்களுக்கு அதுதான் நடைமுறை வாசல். 1948-இன் சட்டம் அது. மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் உள்ளவர்கள் அதில் அடக்கம். ஈ.எஸ்.ஐ.க்கு உட்பட்டவர் தன் முதலாளிமேல் 1923-இன் சட்டப்படி வழக்குப் போட முடியாது. முடியாததில் பெரிய நட்டமும் இல்லை. வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு ஊதியத்தில் 90 விழுக்காடு அங்கே கிடைக்கும். பழைய சட்டத்தின் தற்காலிக ஊனத் தொகை அரைமாதத்துக்கு மாத ஊதியத்தின் கால் பங்கு, அதாவது மாதத்துக்குப் பாதிச் சம்பளம்தான். நிரந்தர ஊனத்துக்கு மாதாமாதம் ஓய்வூதியம் போல வரும். இறந்தால் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் வரும். ஒரே கொத்தாகக் கைக்கு வந்து, ஆறு மாதத்தில் கடன்காரர்களிடம் போய்விடும் தொகையைவிட இது மேல் என்றே நினைக்கிறேன்.

சிக்கல் பதிவில் இருக்கிறது. நூறு பேர் வேலை பார்க்கும் இடத்தில் நாற்பது பேர் பெயருக்குத்தான் சந்தா கட்டுவது, விபத்து நடந்த பிறகு அவசர அவசரமாக அடிபட்டவர் பெயரைப் பதிவது, அவர் நேற்றுதான் சேர்ந்தார் என்பது, இவையெல்லாம் வடக்கே வாகன உதிரிபாக ஆலைகளில் ஆய்வு செய்தவர்கள் எழுதிவைத்திருக்கும் வழக்கங்கள். சட்டப்படி, சந்தா கட்டத் தவறிய முதலாளியின் தொழிலாளிக்கும் ஈ.எஸ்.ஐ. உதவி கிடைக்க வேண்டும். ஈ.எஸ்.ஐ. கழகம் முதலாளியிடம் பிறகு வசூலித்துக்கொள்ளும். இதைத் தெரிந்து கேட்பவருக்குத்தான் அது கிடைக்கும்.

விபத்து நாளே இல்லாத காயமும் இருக்கிறது. கல்குவாரியிலும் அரைவையிலும் பத்தாண்டுகள் தூசியைச் சுவாசித்தவருக்குச் சிலிக்கோசிஸ் வரும்போது அவர் வேறு ஊரில் வேறு வேலையில் இருப்பார். காசநோய் என்று மருந்து கொடுத்திருப்பார்கள். சட்டத்தின் மூன்றாவது அட்டவணை தொழில்நோய்களை விபத்தாகவே கருதச் சொல்கிறது. சிலிக்கோசிஸ் அதில் உண்டு, பாதரச நஞ்சும் உண்டு. ஆனால் கொடைக்கானல் வெப்பமானி ஆலையின் தொழிலாளர்களுக்கு அந்த அட்டவணை உதவவில்லை. 2001-இல் ஆலை மூடியது. 2006-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. பாதரசத்தால்தான் உடல் கெட்டது என்பதை ஏற்காமல், மனிதாபிமான அடிப்படையில். எவ்வளவு தொகை என்பது வெளியே சொல்லப்படவில்லை. அது வெற்றிதான் என்று சொல்வோருடன் சண்டை போட மாட்டேன். ஆனால் உரிமையாகக் கேட்டது கருணையாகத் திரும்பி வந்தது.

சாவு நேர்ந்தால் காட்சி மாறுகிறது. அரசு மருத்துவமனைப் பிணவறை வாசலில் உறவினர்கள் உடலை வாங்க மறுத்து உட்காருவது தமிழ்நாட்டில் செய்தித்தாள் படிக்கும் எல்லாரும் அறிந்ததுதான். வட்டாட்சியர் வருவார், டி.எஸ்.பி. வருவார், கட்சிக்காரர்கள் வருவார்கள். தொகை பேசி முடிந்ததும் உடல் போகும். இதை ஏளனமாகப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு அது மிகத் தெளிவான கணக்காகத்தான் தெரிகிறது. உடல் இருக்கும் வரைதான் முதலாளி தொலைபேசியை எடுப்பார் என்று அந்தக் குடும்பத்துக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாதது, அங்கே கை மாறும் பணம் சட்டத்தின் கண்ணில் இழப்பீடே அல்ல என்பது. சாவுக்கான இழப்பீட்டை ஆணையரிடம்தான் செலுத்த வேண்டும். குடும்பத்தாரிடம் நேரே கொடுத்தது கணக்கில் வராது; முன்பணமாகக் கொடுத்ததில் மூன்று மாத ஊதியம் வரை மட்டும் கழித்துக்கொள்ளலாம். விதவையின் கையில் எதையோ திணித்து, மீதியை இடையில் நிற்பவர்கள் பங்குபோடுவார்கள் என்று 1923-லேயே யூகித்த 8-ஆம் பிரிவு அது. மனைவிக்கு எவ்வளவு, வயதான தாய்க்கு எவ்வளவு, சிறு பிள்ளைகளின் பங்கை எந்த வங்கியில் போடுவது என்று ஆணையர் பிரிப்பார். முதலமைச்சரின் நிவாரண நிதியிலிருந்து வரும் தொகையும், கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் தரும் உதவியும் இதற்கு மேல் வருபவை. இதற்குப் பதிலாக வருபவை அல்ல. அரசு மூன்று லட்சம் அறிவித்துவிட்டது, இனி என்ன வேண்டும் என்று முதலாளி தரப்பு பேசுவதைக் கேட்டுக் குடும்பம் ஒதுங்கிப்போவதும் நடக்கிறது.

2025 நவம்பர் 21 அன்று சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து, நூறாண்டைக் கடந்த பழைய சட்டத்தையும் ஈ.எஸ்.ஐ. சட்டத்தையும் உள்ளிழுத்துக்கொண்டது. இழப்பீட்டு விதிகள் பெரும்பாலும் அதே சொற்களில் அதன் ஏழாவது அத்தியாயத்தில் இருக்கின்றன. ஆணையர் ‘தகுதிவாய்ந்த அதிகாரி’ ஆகியிருக்கிறார். வீட்டுக்கும் வேலைக்கும் இடையிலான பயண விபத்து சட்டத்திலேயே எழுதப்பட்டுவிட்டது. வேலையில் சேரும்போதே இழப்பீட்டு உரிமையைத் தொழிலாளிக்கு அவர் மொழியில் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 2017-இல் வந்த விதியும் தொடர்கிறது. எத்தனை சைட்டில் அப்படி ஒரு தாளைப் பார்த்திருக்கிறீர்கள்?

உத்தரவு வாங்கிய பிறகு வரும் கடைசிச் சிக்கல் ஒன்று உண்டு. அதற்குப் புதிய சட்டத்திலும் விடை இல்லை. தொகையைக் கட்டாவிட்டால் நிலவரிப் பாக்கி போல வசூலிக்கலாம் என்கிறது சட்டம். மேஸ்திரியிடம் ஜப்தி செய்ய என்ன இருக்கிறது? கலவை இயந்திரமும் சென்ட்ரிங் பலகையும் வாடகைக்கு எடுத்தவை. ஒப்பந்ததாரருக்கு மேலே கட்டுமான நிறுவனம் இருந்தால் பழைய சட்டத்தில் 12-ஆம் பிரிவாக இருந்த விதி அதைப் பிடித்துக் கொடுக்கும். முதன்மை முதலாளி கட்டிவிட்டு ஒப்பந்ததாரரிடம் வாங்கிக்கொள்ளட்டும் என்று. ஆனால் அந்தப் பிரிவு, தன் தொழிலின் பகுதியாக வேலையைக் கொடுப்பவரை மட்டுமே பிடிக்கும். சொந்த வீடு கட்டும் ஆசிரியருக்கோ மளிகைக்கடைக்காரருக்கோ வீடு கட்டுவது தொழில் அல்ல. தமிழ்நாட்டில் சாரங்கள் பெரும்பாலும் இப்படிப்பட்ட வீடுகளைச் சுற்றித்தான் நிற்கின்றன. அங்கிருந்து விழுபவருக்குக் கையில் உத்தரவு இருக்கும், எதிரே காசில்லாத மேஸ்திரி இருப்பார்.

பணம் இல்லாமல் இல்லை. கட்டடச் செலவில் 1 விழுக்காட்டை நலவரியாக வாங்கித்தான் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்துக்குச் சேர்க்கிறார்கள். இறந்தவருக்கும் ஊனமானவருக்கும் வாரியம் தரும் நிலையான உதவித்தொகை ஆணையரின் கணக்கோடு எந்தத் தொடர்பும் இல்லாதது. ஆணையர் உத்தரவிட்ட முழுத் தொகையையும் குறிப்பிட்ட நாளுக்குள் வாரியமே தொழிலாளிக்குக் கொடுத்துவிட்டு, முதலாளியிடம் வசூலிக்கும் வேலையைத் தன் தலையில் போட்டுக்கொள்ளலாம். சந்தா கட்டாத முதலாளிகளிடம் ஈ.எஸ்.ஐ. கழகம் செய்வது அதுதான். வசூலாகாமல் போனால் நட்டம் வாரியத்தோடு நிற்கும். இப்போது அந்த நட்டத்தைத் தாங்குபவர் கால் உடைந்து வீட்டில் கிடப்பவர்.